மோதலில் யார் மேல் தப்பு? ஸ்டீவர்ட்கள் பார்க்கும் அந்த ஒரு விநாடி

2021 ஜூலை 18, சில்வர்ஸ்டோன். பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீ தொடங்கிய முதல் சுற்றிலேயே லூயிஸ் ஹாமில்டனின் இடது முன்சக்கரம் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் வலது பின்சக்கரத்தில் பட்டது. காப்ஸ் என்கிற அந்த வளைவில் ஃபார்முலா ஒன் கார்கள் அசுர வேகத்தில் திரும்பும். வெர்ஸ்டாப்பனின் கார் நேராகப் போய் டயர் தடுப்பில் அடித்தது. பதிவான அதிர்ச்சி 51 ஜி. அவரைப் பரிசோதனைக்காக மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள்.

ஹாமில்டனுக்குக் கிடைத்த தண்டனை 10 விநாடி. பிட் ஸ்டாப்பில் அந்தப் பத்து விநாடி சும்மா நின்றுவிட்டு வந்து, முடிய இரண்டு சுற்று இருக்கும்போது லெக்லேரை முந்தி அவரே ஜெயித்தார்.

"ஒருத்தரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவருக்கு இவ்வளவுதானா?" என்று அன்றைக்கு எனக்கும் ஆத்திரம்தான். பிறகு தீர்ப்பைப் படித்தபோதுதான், நான் கேட்ட கேள்வியே வேறு என்று புரிந்தது.

ரேஸில் தீர்ப்பு சொல்பவர்களுக்கு ஸ்டீவர்ட்கள் என்று பெயர். வழக்கமாக அவர்களில் ஒருவர் முன்னாள் ஓட்டுநராக இருப்பார். நாம் டிவியில் பார்ப்பது ஒரு கோணம். அவர்கள் கையில் இரண்டு கார்களின் ஆன்போர்டு கேமராக்களும், ஸ்டீயரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் பதிவுகளும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர்கள் கேட்பது இதைத்தான்: வளைவுக்குள் நுழையும்போது யார் எந்த அளவுக்கு முன்னால் இருந்தார்? பக்கத்தில் கார் இருந்தால் அதற்கு இடம் விட்டாரா? மோதலைத் தவிர்க்க யாருக்கு வழி இருந்தது?

பதில் கிடைத்ததும் தப்பைப் பங்கு பிரிப்பார்கள். ஒருவர் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ பொறுப்பு என்றால்தான் தண்டனை. இல்லையென்றால் 'ரேஸிங் இன்சிடென்ட்', அதாவது பந்தயத்தில் இது சகஜம் என்று விட்டுவிடுவார்கள்.

சில்வர்ஸ்டோனில் அவர்கள் கண்டது இது. வெர்ஸ்டாப்பன் முன்னால் இருந்தார்; ஹாமில்டன் சற்றுப் பின்னால், உள்பக்கத்தில் இருந்தார். ஹாமில்டனுக்கு உள்ளே இன்னும் இடம் இருந்தது, ஆனால் அவர் கார் வளைவின் உள்முனையை ஒட்டிப் போகவில்லை. வெர்ஸ்டாப்பன் திரும்பியபோது அவர் மோதலைத் தவிர்க்கவும் இல்லை. ஆகவே பெரும்பகுதித் தப்பு ஹாமில்டனுடையது. கவனியுங்கள், முழுத் தப்பு என்று சொல்லவில்லை.

இந்தக் கணக்கில் 51 ஜி இல்லை, மருத்துவமனை இல்லை. 33 புள்ளியாக இருந்த வெர்ஸ்டாப்பனின் முன்னிலை அன்று மாலை 8 ஆகச் சுருங்கியதும் இல்லை. அதே மோதலில் வெர்ஸ்டாப்பன் ஒரு சுற்று சுழன்றுவிட்டுத் திரும்ப ஓட்டியிருந்தாலும் ஹாமில்டன் செய்தது அதே தப்புதானே?

சரியாக எட்டு வாரம் கழித்து, மோன்ஸாவில் காட்சி தலைகீழ். முதல் வளைவில் வெளிப்பக்கமாக நுழையப் பார்த்த வெர்ஸ்டாப்பனின் கார், ஹாமில்டனின் கார் மேலேயே ஏறி உட்கார்ந்தது. ஓட்டுநரின் தலையைக் காக்கும் ஹாலோ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. இந்த முறை பெரும்பகுதித் தப்பு வெர்ஸ்டாப்பனுடையது என்றார்கள். இரண்டு பேருமே பந்தயத்திலிருந்து வெளியேறிவிட்டதால் விநாடித் தண்டனைக்கு வழியில்லை. அடுத்த பந்தயத்தின் தொடக்க வரிசையில் மூன்று இடம் பின்னால் போகச் சொன்னார்கள். அடுத்தது ரஷ்யாவின் சோச்சி. அங்கே எஞ்சின் மாற்றியதற்காக அவர் எப்படியும் கடைசியில்தான் நின்றார்! அந்த மூன்று இடம் காற்றோடு போனது.

தப்பை அளப்பதில் அதிர்ஷ்டத்தை ஒதுக்கி வைத்தாலும், தண்டனை எவ்வளவு வலிக்கும் என்பதில் அது பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. அதனால்தான் ஓட்டுநரின் லைசென்ஸில் ஏறும் அபராதப் புள்ளிகள் முக்கியம். 12 மாதத்துக்குள் 12 சேர்ந்தால் ஒரு பந்தயத்துக்குத் தடை. சில்வர்ஸ்டோனுக்கு ஹாமில்டனுக்கு 2, மோன்ஸாவுக்கு வெர்ஸ்டாப்பனுக்கு 2. பந்தய முடிவு எப்படிப் போனாலும் அந்தக் கணக்கு மட்டும் சமம்.

ஸ்டீவர்ட்களும் எப்போதும் இதில் உறுதியாக நின்றதில்லை. 2012இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில், பந்தயம் தொடங்கியதுமே ரொமேன் குரோஷான் வலப்பக்கம் ஒதுங்கி ஹாமில்டனை இடித்தார். அவர் கார் பறந்து, அப்போது சாம்பியன்ஷிப்பில் முதலிடத்தில் இருந்த அலோன்சோவின் தலைக்குச் சற்று முன்னால் கடந்தது. ஒரு பந்தயத் தடை, 50,000 யூரோ அபராதம். பட்டத்துக்குப் போட்டியிடும் முன்னணி ஓட்டுநர்கள் வெளியேற நேர்ந்ததையும் தீர்ப்பிலேயே எழுதினார்கள். அப்படியானால் கடைசி வரிசைக்காரரை இடித்திருந்தால் தப்பு சின்னதாகியிருக்குமா?

விளைவைப் பார்க்காதே என்பது தப்பு செய்தவருக்குக் காட்டும் சலுகை போலத் தெரியும். ஆனால் அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. யாருக்கும் கீறல்கூட விழவில்லை என்பதற்காக ஆபத்தான ஓட்டத்தை மன்னிக்கவும் முடியாது. "ஒண்ணும் ஆகலையே" என்பது அங்கே எடுபடாது. அடுத்த முறை ஆகலாம்.

அடுத்து ஒரு மோதலைப் பார்த்தால், சிதறும் துண்டுகளைப் பார்க்காமல் வீடியோவை ஒரு விநாடி பின்னால் தள்ளி நிறுத்திப் பாருங்கள். தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது.