பின்லாந்தில் வீட்டுத் தலைவன்

அரசாங்கப் படிவங்களைத் தமிழாக்கும் நம் போன்றோருக்குக் 'குடும்பத் தலைவர்' என்பது அன்றாடம் எதிர்ப்படும் தொடர். அது குறிப்பது தந்தையையா, உடைமையாளரையா, மூத்தவரையா என்ற ஐயம் எழுதுந்தோறும் எழுகிறது. பின்லாந்து மொழியார் இதனை எங்ஙனம் தீர்த்தனர் என்று காண்போம்.

அம்மொழியில் தந்தை 'இசா'. அதனின்று பிறந்த 'இசாந்தா' வீட்டுத் தலைவன். 'எமா' என்னும் தாய்ச்சொல்லினின்று பிறந்தது 'எமாந்தா', வீட்டுத் தலைவி. தமிழில் 'இல்லாள்' என்றால் மனைவி. 'இல்லான்' என்றாலோ வறியவன்! அங்கே இருபாலுக்கும் இணைச்சொல் உண்டு. விந்தை யாதெனில், 'எமா' இன்று பெரும்பாலும் விலங்கின் தாய்க்கே வழங்குகிறது. மனிதத் தாய்க்கு 'ஆய்தி' என்னும் சொல். இது பண்டைய ஜெர்மானிய மொழியினின்று பெற்ற கடன். நம் 'ஆய்' நினைவுக்கு வரினும் உறவு ஏதுமில்லை. அண்டைய எஸ்தோனியாவில் 'எமா' இன்றும் தாயே.

'இசாந்தா' தந்தையினின்று பிறந்த சொல்லாயினும், மகப்பேறற்றவனுக்கும் அது பொருந்தும். பண்ணையை ஆள்பவனே இசாந்தா. பெண்ணை மணந்து அவள் வீட்டிலேயே தங்குபவனைக் 'கோத்திவாவு' என்பர். கோத்தி வீடு, வாவு மருமகன்: நம் வீட்டோடு மாப்பிள்ளையேதான்! மேற்குப் பின்லாந்தில் இவன் ஏளனத்துக்கு அஞ்சியிருக்க வேண்டியதில்லை என்றே தோன்றுகிறது. மாமனார் பண்ணையின் பெயரே இவனுக்கும் பெயராயிற்று. ஆள் பண்ணைக்கு உரியவனேயன்றிப் பண்ணை ஆளுக்கு உரியதன்று. குடும்பப் பெயரை அனைவர்க்கும் கட்டாயமாக்கிய சட்டம் 1920-இல் வந்த பின்னரே இவ்வழக்கம் ஒடுங்கியது.

மகனிடம் பண்ணையை ஒப்படைத்த முதியவர் 'வன்ஹா இசாந்தா', அதாவது பழைய தலைவர். பட்டம் எஞ்சியது, அதிகாரம் போயிற்று. ஆகவே 'சூதிங்கி' என்றோர் உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். பெற்றோருக்கு ஆயுள் உள்ளளவும் தங்க அறை, இவ்வளவு தானியம், இவ்வளவு பால், குளிர்காயும் விறகு என யாவும் பத்திரத்தில் ஏறின. பெற்ற மகனிடமா இந்த முன்னெச்சரிக்கை என்று முகம் சுளிக்கலாம். வாய்ச்சொல்லை நம்பி வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்த முதியோரை அறிந்தவர் சுளிக்க மாட்டார்.

எமாந்தாவின் நிலை வேறு. மாட்டுத் தொழுவமும் களஞ்சியச் சாவியும் அவள் கையில். சட்டத்தின் முன்னோ கணவனே அவளுக்குக் காப்பாளன். 1929-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே, 1930 முதல், அக்காப்பை நீக்கிற்று.

நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டைக்குப் பதினெட்டு வயது நிறைந்த மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராகக் கொள்கிறது. அதைப் பின்லாந்து மொழியில் பெயர்க்க நேரின் இசாந்தா உதவாது. 'பெர்ஹேன்பா' என்றொரு சொல் உண்டு: குடும்பத்தின் தலை என்பதே நேர்ப்பொருள். அம்மொழியில் அவன், அவள் என்ற வேறுபாடும் இல்லை. இருவருக்கும் 'ஹான்' ஒன்றே.