சேற்றில் வாழும் சீழ்க்கிருமி

1911-ஆம் ஆண்டு, ரங்கூன் பொது மருத்துவமனை. ஆல்ஃபிரட் விட்மோர் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய உதவியாளர் சி.எஸ். கிருஷ்ணசுவாமியும் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்க்கிறார்கள். பெரும்பாலோர் மார்ஃபின் ஊசிக்கு அடிமையான ஏழைகள். நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் எங்கும் சீழ்க்கட்டிகள். பார்த்த மாத்திரத்தில், குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோய் என்றே தோன்றும். ஆனால் கிளாண்டர்ஸ் கிருமி நகராது. இவர்கள் எடுத்த கிருமியோ நீந்தியது. இது வேறு நோய் என்று இருவரும் சொன்னார்கள். இன்று அதன் பெயர் மெலியாய்டோசிஸ். விட்மோர் பெயரிலும் அந்த நோயை அழைக்கிறார்கள், கிருஷ்ணசுவாமியைத்தான் மறந்துவிட்டோம்.

கிருமியின் பெயர் பர்கோல்டீரியா சூடோமாலி. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காலில் உள்ள சிறு வெட்டு போதும், உள்ளே போய்விடும். மழைக்காற்றோடு மூச்சிலும் நுழையும். ஆரோக்கியமானவரைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. சர்க்கரை நோயாளியிடம்தான் அதன் ஆட்டம். நெல்வயலும் சர்க்கரை நோயும் ஒருசேர மிகுந்த தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

இந்த நோய்க்கென்று தனி முகம் கிடையாது. ஒருவருக்கு நிமோனியா, இன்னொருவருக்கு மண்ணீரலில் கட்டி, தாய்லாந்துக் குழந்தைகளுக்குக் காதடியில் வீக்கம். மாதக்கணக்கில் இருமலும் எடைக்குறைவும் இருந்தால் காசநோய் என்று மருந்து தொடங்கிவிடுகிறார்கள். அந்த மருந்துகள் இதைக் குணப்படுத்துவதில்லை. உடலுக்குள் பல்லாண்டு உறங்கவும் இதற்குத் தெரியும்: இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவில் போர்க்கைதியாக இருந்த ஒருவருக்கு, 62 ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்டது.

விந்தை என்னவென்றால், இந்தக் கிருமியை வளர்ப்பது கடினமே அல்ல. சாதாரணக் கல்ச்சர் தட்டில் இரண்டொரு நாளில் வளர்ந்துவிடும். அடையாளம் காண்பதில்தான் கோட்டை விடுகிறோம். ‘ஏதோ சூடோமோனாஸ், வெளியிலிருந்து கலந்த அசுத்தம்’ என்று தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் நோயாளியின் விடையும் அதோடு போயிற்று. கவனமுள்ள ஆய்வகக்காரர் ஒன்றைப் பார்ப்பார்: ஜென்டாமைசின், கோலிஸ்டின் ஆகிய ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அசையாத கிருமி, அவற்றைவிட எளிய கோ-அமாக்சிகிளாவுக்குப் பணிகிறது. இந்த முரண் கண்ணில் பட்டாலே சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகப்பட்டால் மருந்து இருக்கிறது. செஃப்டாசிடிம் ஊசி மரணத்தைப் பாதியாகக் குறைப்பதைத் தாய்லாந்து ஆய்வொன்று 1989-இல் காட்டியது. ஊசி குறைந்தது பத்துப் பதினான்கு நாள். பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை மூன்று மாதமாவது. காய்ச்சல் விட்டதே என்று நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

2021-இல் அமெரிக்காவில், நாட்டைவிட்டு வெளியே போகாத நால்வருக்கு இந்த நோய் வந்து இருவர் இறந்தனர். தேடித் தேடிக் கடைசியில் கிருமி அகப்பட்ட இடம், இந்தியாவில் தயாரான ஓர் அறை நறுமணத் தெளிப்பான். உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இது வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் 2016-இல் ஒரு மதிப்பீடு வெளியானது. இதைப் போய் ‘அரிய நோய்’ என்பதா? கண்டுபிடிக்காத நோய் என்பதே பொருத்தம்.

சர்க்கரை இருந்து, சேற்றில் வேலை செய்பவரானால் பாதத்தை மூடும் காலணி போடுங்கள், புண்ணை மூடுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் விடாமல் அடித்தால் வயல் வேலையை மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தக் கல்ச்சர் எடுக்கலாமா, மெலியாய்டோசிஸாக இருக்குமா என்று நீங்களே கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.