ஆங்கில ஜிக் மெட்டும் மலையகக் கும்மியும்



பீ.பீ.சி. உலக சேவையின் செய்தி அறிக்கைக்கு முன்னர், பல்லாண்டு காலம் துள்ளு நடையில் ஒரு வாத்திய இசை ஒலித்து வந்தது. பதுளை, பசறை, ஹப்புத்தளைத் தோட்டங்களிலே சிற்றலை வானொலிக்குச் செவிசாய்த்திருந்த முதியோர் சிலருக்கேனும் அது நினைவிருக்கும். 'லிலிபுலேரோ' என்பது அதன் பெயர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அம்மெட்டின் வரலாற்றை அறிவது, நம் தோட்டப்புறக் கும்மியின் நிலையை உணரவும் துணைசெய்யும்.

இஃது 'ஜிக்' என்னும் ஆடல் வகையைச் சேர்ந்த மெட்டு. மும்மூன்றாகப் பிரிந்து வரும் தாள அடிகளே ஜிக்கின் உயிர். நம் இசைமரபில் இதனைத் திஸ்ர நடை என்போம். 'தகிட தகிட' என்று சொல்லிப் பார்த்தால் எளிதில் விளங்கும். நம் பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிக் கும்மியடிக்கும்போதும் பெரும்பாலும் இந்நடையே அமைகின்றது.

லிலிபுலேரோ மெட்டு 1680களில் இங்கிலாந்தில் அச்சேறியது. 1689இல் வெளிவந்த ஓர் இசைத் தொகுப்பில், ஹென்றி பேர்செல் என்னும் இசைப் புலவரின் பெயரோடு, 'புதிய அயர்லாந்து மெட்டு' என அது இடம்பெற்றது. அதற்கு முன்னரே, 1687 அளவில், அம்மெட்டுக்கு ஓர் அரசியல் எள்ளற்பாட்டு கட்டப்பட்டிருந்தது. இயற்றியவர் தோமஸ் வார்ட்டன் என்பர். கத்தோலிக்க மன்னரான இரண்டாம் ஜேம்ஸையும் அவர்தம் அயர்லாந்து ஆதரவாளரையும் பழித்த அப்பாட்டுப் படைவீரரிடையே காட்டுத்தீப்போற் பரவியது. 1688இல் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடினார். பின்னர் 1728இல், ஜோன் கே என்பார் தம் இசை நாடகத்திலே அதே மெட்டுக்கு வேறு சொற்களை அமைத்தார். சொற்கள் மாறின, மெட்டு நிலைத்தது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், கும்மியையும் காமன் கூத்தையும் தப்பையும் தம்முடன் கொண்டுவந்தனர். திருவிழாவில் முழங்கிய தப்பே விடியுமுன் அவர்களைப் பிரட்டுக் களத்துக்கும் அழைத்தது.

அம்மக்களுட் பலர் எழுத்தறியாதோர். ஆதலின் அவர்தம் உள்ளத்தை எட்ட விரும்பியோர் பாட்டையே நாடினர். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் அறிந்த மெட்டுகளிலே உரிமைப் பாடல்களைக் கட்டிக் கூட்டங்களிற் பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் அவரது பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. பதுளையை அடுத்த வெவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்ததும் அதே ஆண்டிலேதான். தெரிந்த மெட்டாயின் கேட்போர் புதிதாகக் கற்க வேண்டியது சொல் ஒன்றே. ஒருவர் பாடினால் லயம் முழுவதும் பாடிவிடும். வார்ட்டனும் மீனாட்சியம்மாளும் கைக்கொண்ட வழி ஒன்றே; நோக்கமோ வேறு. அங்கே பாட்டுப் பிற மதத்தாரைப் பழித்தது. இங்கே உழைப்போரின் உரிமையைக் கேட்டது. மெட்டுக்குக் கட்சியில்லை.

ஆயினும் ஒரு வேற்றுமை நம்மை வருத்துகின்றது. லிலிபுலேரோவின் சுரங்கள் அன்றே குறிக்கப்பட்டமையால், இன்றும் எவரும் அதனை வாசிக்கலாம். நம் மலையகப் பாடல்களின் சொற்களை சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் அரிதின் முயன்று தொகுத்தளித்தனர். ஆனால், சொல்லை மட்டும் ஏட்டிற் கண்டு இசையைக் கேட்க இயலுமா? மெட்டு, பாடுவோர் தொண்டையிலன்றோ தங்கியிருக்கின்றது?

எனவே லுணுகலையிலோ தெமோதரையிலோ உங்கள் பாட்டியார் ஒரு கும்மியைப் பாடக் கேட்டால், அதனை உடனே ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். இன்று அதற்குக் கைத்தொலைபேசியே போதும். பாடியவர் பெயரையும், ஊரையும், அவர் எவரிடம் கற்றார் என்பதையும் உடன் குறித்து வையுங்கள். அவ்வளவு செய்தால், நாளை வேறொருவர் அந்த மெட்டுக்குப் புதிய சொற்களை அமைத்துக்கொள்வார்.