35×4 எப்படி 200 ஆனது?

பிரேசிலின் ரெசிஃபே நகரச் சந்தைகளில் காய், பழம் விற்றுக்கொண்டிருந்த 9 முதல் 15 வயதுவரையான ஐந்து பிள்ளைகளிடம், வாடிக்கையாளர்கள்போல் ஆய்வாளர்கள் விலை கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 குரூசெய்ரோ (அன்றைய பிரேசில் நாணயம்). நான்கு என்ன விலை? பிள்ளையின் மனக்கணக்கு இப்படி ஓடியது: மூன்று தேங்காய் 105, அதோடு 30 சேர்த்தால் 135, இன்னும் 5, ஆக 140.

பிறகு தாளில் 35×4 போடச் சொன்னபோது, நாலஞ்சு இருபது, 0 போட்டு மீதி 2, அந்த 2-ஐயும் 3-ஐயும் கூட்டினால் 5, ஐநாலு இருபது. விடை 200!

டெரெசினா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இது. சந்தையில் 98% விடைகள் சரி. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37%. அதே எண்களைச் சிறு கதையாகச் சொன்னபோது 74%. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த 74தான். கையில் தேங்காய் இல்லாவிட்டாலும், எதைக் கணக்கிடுகிறோம் என்ற பொருள் இருந்தாலே சிந்தனை எழுந்து நிற்கிறது.

சந்தைக் கணக்கில் ஒவ்வொரு படியும் ஒரு விலை. ஐந்து காயே 175 எனும்போது நான்குக்கு 200 கேட்க முடியாது; தவறு தானே காட்டிக்கொடுக்கும். தாளில் அந்தக் காவல் இல்லை. 3 என்பது 30 என்பதே மறந்து, நினைவிலுள்ள விதி மட்டும் தடம்புரண்டு ஓடுகிறது.

பொருள்களைக் கடந்து சிந்திக்கும் ஆற்றல் சுமார் 11 வயதில் தொடங்குவதாக உளவியலாளர் ழான் பியாஜே சொன்னார். ஆனால் அது மீசை முளைப்பதுபோல் வயது வந்தால் தானாக வருவதில்லை. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் நடத்தி, 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வும் சந்தைக்கும் பள்ளிக்கும் இடையிலான இதே இடைவெளியைக் காட்டியது. விற்கும் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள். இரண்டாவது செய்திதான் என்னை அதிகம் கவலைகொள்ள வைக்கிறது. பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்குக் குறை இருப்பதே யார் கண்ணிலும் படாது.

சந்தைக் கணக்கையும் பள்ளிக் கணக்கையும் இணைப்பது ஆசிரியரின் வேலை. 200 என்று எழுதிய பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் பெருக்கல்குறி போடுமுன், “நாலு தேங்காய்க்கு இவ்வளவா கேட்பாய்?” என்று கேட்கலாம். பிள்ளை தன் வழியில் 140 சொன்னதும், அந்த 105-உம் 30-உம் 5-உம் தாளில் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று சேர்ந்து தேடலாம். வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம் ஆகும். பாடத்திட்டம் அந்தப் பத்து நிமிடத்தைத் தர வேண்டும்.