ஓய்ந்துபோன குழல் விளக்கு

வீட்டில் குழல் விளக்கு மினுக்கி மினுக்கி ஓய்ந்துவிட்டால், அதைக் கழற்றிக் கதவோரம் சார்த்தி வைக்கிறோம். பின்னர் ஒருநாள் குப்பைத் தொட்டியில் எறிந்துவிடுகிறோம். சிறுவர்கள் அதைச் சுவரில் மோதி உடைத்து, எழும் ஓசை கேட்டுக் களிப்பதும் உண்டு. இதில் மறைந்துள்ள தீங்கைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும்.

குழலினுள் சிறிதளவு பாதரசம் உண்டு. மின்சாரம் பாயும்போது, பாதரச ஆவி கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களை வெளியிடுகிறது. கண்ணாடியின் உட்புறம் பூசப்பட்ட பொடி அவற்றை நாம் காணும் ஒளியாக மாற்றுகிறது. சி.எஃப்.எல். விளக்கின் அமைப்பும் இதுவே. விளக்கு எரியாது போனாலும் அதிலுள்ள பாதரசம் தீர்ந்துபோவதில்லை. குழல் உடைந்தால் அது ஆவியாகி மூச்சுக்காற்றுடன் உடலினுள் புகும். மிகுந்தால் நரம்புகளையும் சிறுநீரகங்களையும் தாக்கும். கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் தனிக் கவனத்துடன் காக்கப்பட வேண்டியவர்கள்.

ஒரு விளக்கிலுள்ள பாதரசம் சில மில்லிகிராம் மட்டுமே. ஆதலால் ஒன்று உடைந்ததற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் ஊரார் அனைவரும் வீசும் விளக்குகள் ஒரே குப்பைமேட்டில் சேர்கின்றன. நாள்தோறும் அங்கே கைவிட்டுப் பொறுக்குபவரும், காயலான் கடையில் உலோக மூடிக்காகக் குழலை உடைப்பவரும் யார்? வறுமையால் அத்தொழிலுக்கு வந்த எளியோர் அன்றோ!

நீரில் சேரும் பாதரசம் மீன்களின் வழியே மனிதரை வந்தடையும். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக்கழிவுடன் கலந்த பாதரசம் விளைத்த கொடிய நோய் 1956-இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரிலேயே 2013-இல் உலக நாடுகள் பாதரச உடன்படிக்கை செய்தன. குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-ஆம் ஆண்டுக்குள் படிப்படியாக நிறுத்துவதென அந்நாடுகள் 2023-இல் முடிவு செய்தன. எனினும், நம் வீடுகளில் உள்ளவற்றை முறையாக அகற்றும் பொறுப்பு நம்முடையதே.

மறுசுழற்சி ஆலைகளில் விளக்குகள் மூடிய பொறியினுள் நொறுக்கப்படுகின்றன. கண்ணாடியும் உலோகமும் பொடியும் தனித்தனியே பிரிக்கப்படுகின்றன. பாதரசமும் வெளியேறாமல் சேகரிக்கப்படுகிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் குழல் விளக்குகளை வீட்டு அபாயக் கழிவுகளுள் சேர்த்தன. எனவே நாம் செய்ய வேண்டியவை இவை:

விளக்கு ஆறிய பிறகே கழற்றுக. புதிய விளக்கு வந்த அட்டை உறையிலேயே பழையதை இட்டு, பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் வைக்கவும். பிற குப்பையுடன் கலவாமல், இன்னதெனச் சொல்லித் துப்புரவுப் பணியாளரிடமோ மின்னணுக் கழிவு பெறும் இடத்திலோ ஒப்படைக்கவும்.

உடைந்துவிட்டால், அனைவரையும் வெளியேற்றிச் சன்னல்களைத் திறந்து, பத்து நிமிடமேனும் காற்றோட்டம் விடுக. துடைப்பத்தால் பெருக்கலாகாது, பொடி பரவும். கையுறை அணிந்து, கெட்டி அட்டையால் சில்லுகளை வழித்தெடுத்து, எஞ்சிய பொடியை ஈரக் காகிதத்தால் ஒற்றி, யாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்து வெளியே வைக்கவும். பின்னர் கைகளை நன்கு கழுவுக.

பல்லாண்டு நமக்கு ஒளி தந்த விளக்கு, குப்பை அள்ளும் சகோதரனின் மூச்சுக்கு நஞ்சாகலாமா? ஓர் அட்டை உறையும் சிறிது அக்கறையும் போதும், அதைத் தடுக்க.