நாடு 20 சதவிகிதம் வளர்ந்தது. வட்டி ஏன் ஏறவில்லை?

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இந்திய அரசாங்கம் ஒரு கணக்கை வெளியிட்டது. ஏப்ரல், மே, ஜூன் ஆகிய 3 மாதங்களில் நாட்டின் உற்பத்தி 20.1 சதவிகிதம் வளர்ந்தது என்றது அந்தக் கணக்கு.

நாடு இவ்வளவு வேகமாக ஓடினால், ரிசர்வ் பாங்கி கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். அதாவது வட்டியை ஏற்ற வேண்டும். ஆனால் அக்டோபர் 8-ந் தேதி ரிசர்வ் பாங்கி வட்டியில் கை வைக்கவில்லை. 4 சதவிகிதமாகவே விட்டுவிட்டது.

ஏன்? கணக்கு பொய்யா? இல்லை. கணக்கு சரிதான். ஆனால் அதைப் படிக்கும் முறை ஒன்று இருக்கிறது. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுகிறவர்களும், பாங்கியில் பணம் போட்டு அதன் வட்டியில் குடும்பம் நடத்துகிறவர்களும் அதை அறிந்துகொள்வது நல்லது.

நெல், அரிசி, இட்லி

நாட்டின் உற்பத்தியை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு விவசாயி 20 ரூபாய்க்கு நெல் விற்கிறார். ஆலைக்காரர் அதை அரிசியாக்கி 35 ரூபாய்க்கு விற்கிறார். ஓட்டல்காரர் அந்த அரிசியில் இட்லி அவித்து 80 ரூபாய்க்கு விற்கிறார். (உளுந்துச் செலவை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) மூன்றையும் கூட்டி 135 ரூபாய் என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால், ஒரே நெல்லை மூன்று தடவை எண்ணியதாக ஆகும். அவரவர் சேர்த்த மதிப்பை மட்டும் கூட்ட வேண்டும். விவசாயி 20, ஆலைக்காரர் 15, ஓட்டல்காரர் 45. மொத்தம் 80 ரூபாய்.

நாடு முழுவதற்கும் இப்படிக் கூட்டினால் கிடைப்பதுதான் உள்நாட்டு மொத்த உற்பத்தி.

சுதந்திர இந்தியாவில் இந்த வேலைக்கு அடித்தளம் போட்டது, 1949-இல் அமைக்கப்பட்ட தேசிய வருமானக் குழு. அதன் தலைவர் மகலனோபிஸ். காட்கிலும் வி.கே.ஆர்.வி. ராவும் உறுப்பினர்கள். ராவ், காஞ்சிபுரத்தில் பிறந்தவர்.

விலையைக் கழிக்க வேண்டும்

சென்ற ஆண்டு உங்கள் தோப்பில் 100 தேங்காய். காய் 20 ரூபாய். வரவு 2,000 ரூபாய். இந்த ஆண்டும் அதே 100 தேங்காய்தான். ஆனால் காய் 25 ரூபாய். வரவு 2,500 ரூபாய். பணம் கூடியது. தேங்காய் கூடியதா? இல்லை.

ஆகையால் விலை ஏற்றத்தைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைச் சொல்கிறார்கள். அதற்காக ஏதாவது ஓர் ஆண்டின் விலைகளை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். 2021-இல் வந்த கணக்குக்கு 2011-12 விலைகள் அளவுகோல்.

இன்னொன்றும் உண்டு. தீபாவளிக்கு முன் துணிக்கடையில் நிற்க இடம் இருக்காது. அடுத்த மாதம் கூட்டம் குறையும். அதற்காகக் கடை நொடித்துவிட்டது என்று சொல்லலாமா? ஆகவே ஒரு காலாண்டை, சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுகிறார்கள்.

பள்ளத்தில் இருந்து எழுந்த கதை

இங்கேதான் 20 சதவிகிதத்தின் இரகசியம் இருக்கிறது.

2019 ஏப்ரல்-ஜூன் மாதங்களில் நாட்டின் உற்பத்தி 35.66 லட்சம் கோடி ரூபாய். 2020-இல் கொரோனா வந்தது. ஊரடங்கு போட்டார்கள். ஆலைகள் மூடின. ரெயில்கள் நின்றன. அதே 3 மாதங்களின் உற்பத்தி 26.95 லட்சம் கோடியாக விழுந்தது. 2021-இல் 32.38 லட்சம் கோடிக்கு ஏறியது.

26.95-இல் இருந்து பார்த்தால் 20 சதவிகித வளர்ச்சி. 35.66-இல் இருந்து பார்த்தால் இன்னும் 9 சதவிகிதம் குறைவு!

கடைக் கணக்காகப் பாருங்கள். 100 ரூபாய் வியாபாரம் 24 சதவிகிதம் குறைந்தால் 76 ரூபாய். அந்த 76 ரூபாய் 20 சதவிகிதம் கூடினால் 91 ரூபாய் 20 காசு. பழைய நூறு இன்னும் வரவில்லை.

ரிசர்வ் பாங்கி என்ன பார்த்தது?

ரிசர்வ் பாங்கி மற்ற பாங்கிகளுக்குக் கடன் கொடுக்கிறது. அந்தக் கடனுக்கான வட்டிக்கு ‘ரெப்போ’ வட்டி என்று பெயர். அது ஏறினால் வீட்டுக் கடன் தவணையும் ஏறும். மக்கள் கடன் வாங்கத் தயங்குவார்கள். விலைவாசி தணியும். ஆனால் தொழில் மந்தமாகி, வேலைக்கும் ஆபத்து வரலாம். அது இறங்கினால் தொழிலுக்கு நல்லது. ஆனால் சேமித்து வைத்த முதியவர்களின் வட்டி வருமானம் குறையும்.

இந்த வட்டியை முடிவு செய்வது 6 பேர் கொண்ட குழு. 2016-இல் திருத்திய சட்டம், விலைவாசியை நிலையாக வைப்பதுதான் முதல் வேலை என்றது. வளர்ச்சியையும் மனத்தில் கொள்ளச் சொன்னது. விலைவாசி உயர்வு 4 சதவிகிதமாக இருக்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது என்று அரசாங்கம் இலக்கு வைத்தது.

2020 மார்ச்சிலும் மே மாதத்திலுமாக, 5.15-ஆக இருந்த வட்டியை 4-ஆகக் குறைத்தார்கள். 2021 அக்டோபரில் குழு கூடியபோது, கையில் இருந்த ஆகஸ்டு மாதக் கணக்கில் விலைவாசி உயர்வு 5.3 சதவிகிதம். எல்லையைத் தாண்டவில்லை. தொழிலோ இன்னும் முழுதாகத் தேறவில்லை. வட்டி அப்படியே நின்றது.

2022-இல் நிலைமை மாறியது. உக்ரைன் போர் மூண்டது. மார்ச்சில் விலைவாசி உயர்வு 6.95 சதவிகிதம். மே 4-ந் தேதி வட்டி 4.40 ஆனது. 2023 பிப்ரவரிக்குள் 6.50-க்கு ஏறியது. இத்தனைக்கும், ஏற்றத் தொடங்கியபோது கையில் இருந்த கடைசிக் காலாண்டுக் கணக்கு காட்டிய வளர்ச்சி 5.4 சதவிகிதம்தான். 20-க்கு ஏறாத வட்டி 5.4-க்கு ஏறியது!

மாறும் கணக்கு

ரிசர்வ் பாங்கிக்கு இன்னொரு சங்கடம். காலாண்டு முடிந்து 2 மாதம் கழித்துத்தான் உற்பத்திக் கணக்கு வருகிறது. வந்ததும் மாறுகிறது. 2020-21 நிதி ஆண்டில் உற்பத்தி 7.3 சதவிகிதம் குறைந்ததாக ஒரு கணக்கில் சொன்னார்கள். பிறகு 6.6 என்றார்கள். 2023-இல் 5.8 என்று திருத்தினார்கள். விவரங்கள் சேரச் சேரக் கணக்கு தெளிகிறது. அதுவரை காத்திருக்க ரிசர்வ் பாங்கியால் முடியுமா?

ஆகவே, ‘நாடு இத்தனை சதவிகிதம் வளர்ந்தது’ என்று செய்தி வந்தால், 3 கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஆண்டோடு ஒப்பிட்டார்கள்? விலை ஏற்றத்தைக் கழித்தார்களா? இது முதல் கணக்கா, திருத்திய கணக்கா?

அதோடு விலைவாசி எவ்வளவு ஏறியது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடன் தவணை ஏறுமா, இறங்குமா என்பதை ஓரளவு நீங்களே ஊகித்துவிடலாம்.