தேதியா, இடமா? கடாரத்துக் கடலில் விருந்தாளியாக நான்கு ராத்திரி

ஜெயங்கொண்டத்துக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். எங்க பக்கம் முந்திரி உண்டு, பூமிக்குள்ள பழுப்பு நிலக்கரி உண்டு, கடல் கிடையாது. ஆனால் பக்கத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட ராஜேந்திர சோழனின் பட்டங்களில் ஒன்று கடாரம் கொண்டான். 1025 வாக்கில் அவன் படை போன ஊர்களின் பட்டியல் மெய்க்கீர்த்தியில் இருக்கிறது. அதில் வரும் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. லங்காவி தீவுகள் அந்த கெடா மாநிலத்தைச் சேர்ந்தவை.

காலேஜில் என் ரூம்மேட்டாக இருந்தவன் பினாங்கில் வேலை பார்க்கிறான். லங்காவியில் 38 அடி பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறான். "வாங்கடா, நாலு நாள் படகிலேயே தங்கலாம்" என்று எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டான். நான் உடனே ஷெட்யூல் போட்டு அனுப்பினேன்: ஏப்ரல் 24 வருகை, 28 காலை 8.40க்கு ஃப்ளைட், கடைசி ராத்திரி தாயாங் புந்திங் தீவின் தெற்கே.

பதில் வந்தது: "மாப்ள, ஒண்ணு தேதியைச் சொல்லு, இல்ல இடத்தைச் சொல்லு. ரெண்டையும் நீயே முடிவு பண்ணாத." கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன். அவனும் பழைய சிநேகிதத்துக்காக ஒத்துக்கொண்டான்.

முதல் மூன்று நாளும் சொர்க்கம்தான். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். ஆள் இல்லை, போன் சிக்னல் இல்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் படகுக்கு வரும் விருந்தாளிக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே புரிந்துவிட்டது. தண்ணீர் என்பது தொட்டியில் இருக்கிற அளவுதான். குளிப்பது கடலில், கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணி. கழிவறையில் கையால் பம்ப் அடிக்க வேண்டும். அவன் எவ்வளவு உபசரித்தாலும் படகில் அவன்தான் கேப்டன், நாம் பயணி.

கடைசி நாள் சாயங்காலம் நான் கேட்ட இடத்திலேயே நங்கூரம் போட்டான். ஆழம் 8 மீட்டர்தான். அவன் சங்கிலியை விட்டுக்கொண்டே இருந்தான். "எதுக்குடா இவ்வளவு?" என்று சிரித்தேன். அவன் சொன்ன கணக்கு: ஆழம் 8, ராத்திரி கடல் ஏறினால் இன்னும் 3, தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் முன்முனை 1, ஆக 12 மீட்டர். அதற்கு ஐந்து மடங்கு 60 மீட்டர். நங்கூரம் எடையால் மட்டும் படகைப் பிடித்து வைப்பதில்லை. தரையோடு படுத்த மாதிரி சங்கிலி இழுத்தால் அது மண்ணுக்குள் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். சங்கிலி நீளமாக இருந்தால்தான் இழுப்பு படுக்கைவாட்டில் இருக்கும்.

அதிகாலை நாலு மணிக்கு முன்பே அந்தக் கணக்கின் அர்த்தம் தெரிந்தது. மலாக்கா நீரிணையில் 'சுமத்ரா' என்று ஒரு காற்று இருக்கிறது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவிலோ விடியலுக்கு முன்னோ, மேற்கிலிருந்து இடிமழையோடு ஒரு வரிசையாகக் கிளம்பி வரும். பலமாக அடித்தால் மணிக்கு 75 கிலோமீட்டரைத் தாண்டும். அதுவரை கிழக்குக் காற்றை மறைத்துக்கொண்டிருந்த பாறைச்சுவர், காற்று திரும்பியதும் எங்களுக்குப் பின்னால் வந்துவிட்டது. படகு அப்படியே அரைவட்டம் சுற்றியது. நங்கூரம் பிடி விட்டால் நேராகப் பாறைதான். முக்கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. சங்கிலி தாங்கியது.

காற்று அடங்கியதும் என் முதல் கேள்வி, வெட்கமாக இருக்கிறது, ஃப்ளைட் பற்றித்தான். "இப்பவே கிளம்பினா பிடிச்சிடலாம்ல?"

"விடிஞ்சாதான் எடுப்பேன்."

அங்கே ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் வரும். இருட்டில் மீன்வலை மிதவைகள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு வலை ப்ரொப்பெல்லரில் சுற்றினால் என்ஜின் நின்றுவிடும். இதெல்லாம் அவன் பொறுமையாகச் சொன்னான். நான் கேட்கவில்லை, கத்தினேன். "உன் படகு, உன் இஷ்டம்" என்றுகூட சொன்னேன். அப்போதுதான் சொன்னான்: போன வருஷம் இதே மாதிரி ஒரு நண்பரின் ஃப்ளைட்டுக்காக இருட்டில் நங்கூரம் எடுத்தானாம். அவசரத்தில் சங்கிலிக்கும் உருளைக்கும் நடுவில் மாட்டி அந்த நண்பரின் விரல் போய்விட்டது. "ஃப்ளைட்ட அவர் பிடிக்கவும் இல்ல" என்றான்.

நானும் பிடிக்கவில்லை. டிக்கெட் காசு போனது. அடுத்த ஃப்ளைட்டுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் யோசித்தேன்: இந்தக் கடலில் முன்பு விருந்தாளியாக வந்தவர்கள் என்ன செய்தார்கள்?

சீனத் துறவி இ-சிங் 671இல் குவாங்சோவில் கப்பலேறினார். ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம், மலாயுவில் இரண்டு மாதம் தங்கிவிட்டுக் கடாரம் வந்தார். அவர் கணக்கில் பன்னிரண்டாம் மாதம்தான் அங்கிருந்து அரசனின் கப்பலில் கிழக்கிந்தியாவுக்குக் கிளம்பினார். காரணம் வடகிழக்குப் பருவக்காற்று. கடாரத்திலிருந்து மேற்கே வர அந்தக் காற்று வேண்டும். நம் பக்கமிருந்து அங்கே போக தென்மேற்குக் காற்று வேண்டும். அரசனே விருந்து கொடுத்தாலும் புறப்படும் மாதத்தைத் தீர்மானிப்பது காற்று. நாகப்பட்டினமும் கடாரமும் அப்படித்தான் பல நூற்றாண்டுகள் பேசிக்கொண்டன.

படகிலிருந்து தென்கிழக்கே மங்கலாக ஒரு மலை தெரிந்தது, குனுங் ஜெராய். உயரம் 1,217 மீட்டர். பூமியின் வளைவை வைத்துக் கணக்குப் போட்டால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் 120 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அதன் உச்சி தெரிய வேண்டும். வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் இடிபாடுகள் இருக்கின்றன.

ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து அவனுக்கு போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "விடு மாப்ள, அடுத்த தடவை எப்ப?" என்றான்.

"ஜெராய் அடிவாரம். தேதியை நீ சொல்லு" என்றேன்.

ஜனவரியில் ஒரு நாள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். இந்த முறை ரிட்டர்ன் டிக்கெட் போடவில்லை. அதை ஆபீஸில் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.